மணிக்கு மூன்று மில்லிமீட்டர்

ஒரு பெண்மணி சாலையோரத்தில் நீல நிறப் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, எதிரே மண்ணில் பாதி புதைந்து நிற்கும் இரும்பு வளையத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வளையத்துக்குள் ஒரு சாண் தண்ணீர். உள்சுவரில் ஒட்டிய அளவுகோலில் தண்ணீர் மட்டம் எங்கே நிற்கிறது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் குனிந்து பார்த்துப் பென்சிலால் குறித்துக்கொள்கிறார். பேருந்துக்குக் காத்திருக்கும் ஒருவர் வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்.

"ஏதாவது உள்ள விழுந்துடுச்சாம்மா?"

"இல்லைங்க. தண்ணி எறங்குதான்னு பார்க்கறேன்."

"எறங்கலைன்னா?"

"எறங்கலைன்னு எழுதிக்குவேன்."

கேட்டவர் யோசனையோடு இரண்டடி தள்ளி நின்றுகொள்கிறார். இவருக்கு இது புதிதல்ல. மாநகராட்சி மழைநீர்ப் பிரிவில் களப்பணியாளராக இருக்கும் பதினோரு வருடங்களில் தெருவில் போகிறவர்கள் அவரிடம் மோதிரம் தொலைந்ததா என்றும், எலி பிடிக்கிறாரா என்றும், வேறு வேலை கிடைக்கவில்லையா என்றும் கேட்டிருக்கிறார்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னாராம்.

ஊரில் மழையின் போக்கு மாறிவிட்டது. ஒரு வாரம் பெய்ய வேண்டியது ஒரு முற்பகலில் கொட்டித் தீர்க்கிறது. பழைய வடிகால் குழாய்களுக்கு அவ்வளவு பெரிய வாய் இல்லை. அதனால் சாலையோரங்களில் தாழ்வான பாத்திகள் வெட்டி, அடியில் ஜல்லியும் மணலும் பரப்பி, புல்லும் செடியும் நட்டு, தெருவில் ஓடும் தண்ணீரை அதற்குள் திருப்பிவிடுகிறார்கள். மழைத்தோட்டம் என்று பெயர். எங்கே போடலாம் என்று வரைபடத்தில் விரல் வைப்பவர்கள் பொறியாளர்கள். அந்த இடத்து மண் தண்ணீரைக் குடிக்குமா என்று ஊற்றிப் பார்த்துச் சொல்பவர் இவர். மணிக்குப் பதின்மூன்று மில்லிமீட்டராவது இறங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் தோட்டம் குட்டையாகிவிடும்.

"முதல் தண்ணி கணக்குல வராது" என்பார். "காஞ்ச மண்ணு எதைக் கொடுத்தாலும் குடிக்கும். ரெண்டாவது டம்ளரை எப்படிக் குடிக்குதுன்னுதான் பார்க்கணும். மனுஷங்களும் அப்படித்தான்."

அலுவலகத்தில் அவருக்கு 'வளையம் மேடம்' என்று பெயர். ஐம்பதை நெருங்கும் வயது. ஒல்லியான உடம்பு, வெயிலில் வெந்த கழுத்து. வளையம், மரச்சுத்தியல், இரண்டு தண்ணீர் கேன், முக்காலி எல்லாவற்றையும் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக் கட்டுவதற்கென்றே ஒரு முறை வைத்திருக்கிறார். வேறு யாரும் கட்டினால் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுவார். எப்போதும் தரையைப் பார்த்தே நடப்பதால் ஆட்களைச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் தெரியும். புதுச் செருப்பு வாங்கிய ஒரு மேலதிகாரிக்கு ஒரு வாரம் வணக்கம் சொல்லவில்லை என்று புகார் போயிருக்கிறது. பாத்தியில் கால் வைக்க மாட்டார், வைக்கவும் விடமாட்டார். "மிதிச்சா மண்ணுக்கு மூச்சு அடைச்சிடும்" என்பார். ஒரு தடவை பாத்திக்குள் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்ட பிரமுகரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார். படத்தில் பிரமுகர் பாதியும், இவர் கையும் மட்டும் இருக்கின்றன.

கணவர் பேருந்து ஓட்டுநர். "ஊர்ல எல்லார் வீட்லயும் மழை வந்தா பொண்டாட்டி உள்ள இருந்து 'நனையாதீங்க'ன்னு கூப்பிடுவாங்க. எங்க வீட்ல நான் கூப்பிடுவேன்" என்றார் என்னிடம். மழை விழத் தொடங்கியதும் இவர் குடையோடு வெளியே போய்விடுவார். குடை நோட்டுப் புத்தகத்துக்கு.

இந்த மனுஷிக்கும் அவருடைய அக்காவுக்கும் நான்கு மாதம் பேச்சு இல்லாமல் போனது ஒரு மழைத்தோட்டத்தால்தான். அதே அலுவலகத்தில் வேலை செய்வதால் பக்கத்தில் இருந்து பார்த்தேன், எழுதுகிறேன்.

அக்கா ஆறு வயது மூத்தவர். அம்மா வேலைக்குக் கிளம்பிய பிறகு இவருக்குத் தலை பின்னி, மதியச் சாப்பாடு கட்டிக்கொடுத்து, கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் விட்டவர். அவர் வீடு ஒரு சரிவான தெருவின் அடிக்கோடியில், தரைத்தளத்தில். மேட்டுக்கோடியில் ஒரு பெரிய அடுக்ககம். நடுவில் முந்நூறு அடிவைப்பு. போன மழைக்காலத்தில் ஒரு காலைப்பொழுதில் அக்கா வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது. இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையில் இருந்த அவருடைய கணவரை, அண்டை வீட்டார் இரண்டு பேர் தூக்கிச் சாப்பாட்டு மேசைமேல் உட்கார வைத்தார்கள். ஆறு மணி நேரம் மேசைமேலேயே இருந்தார். "தட்டு வைக்கிற இடத்துல என்னை வெச்சுட்டாங்க" என்று அவர் இப்போது சிரிப்பார். அக்கா அதற்குச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதன்பிறகு அந்தத் தெருவுக்கு ஒரு மழைத்தோட்டம் ஒதுக்கப்பட்டது. பொறியாளர் வரைபடத்தில் அக்கா வீட்டுக்கு நேர் எதிரே இருந்த காலி மூலையைக் காட்டினார். தண்ணீர் வந்து சேரும் இடம் அது; யாருடைய கார் நிறுத்தமும் போகாது; எதிர்ப்பும் இருக்காது. வட்டார மாமன்ற உறுப்பினர் வந்து பார்த்து வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் பெயர் செதுக்கிய திறப்புவிழாக் கல்கூடத் தயாராகிவிட்டது. அக்கா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "என் தங்கச்சி டிபார்ட்மென்ட்டு."

தங்கை வளையத்தை அடித்து இறக்கித் தண்ணீர் ஊற்றினார். ஒரு மணி நேரத்துக்கு மூன்று மில்லிமீட்டர். இடம் மாற்றி, நாலடி தள்ளி ஊற்றினார். மூன்று. மறுநாள் இன்னொரு ஓரத்தில். மூன்றரை. மண்ணைத் தோண்டிப் பார்த்ததில், ஒன்றரை அடிக்குக் கீழே பழைய கட்டட இடிபாடும் களிமண்ணும் ரோடு ரோலர் ஏறி இறுகிக் கல்லாகக் கிடந்தன. அதற்குக் கீழே ஈரம். நிலத்தடி நீர் கையெட்டும் தூரத்தில்.

பொறியாளரின் அறையில் நானும் இருந்தேன்.

"கொஞ்சம் ஆழமா வெட்டி ஜல்லி போட்டுட்டா எறங்கிடாதா?" என்றார் பொறியாளர்.

"எங்க சார் எறங்கும்? வயிறு முட்டக் குடிச்சவன்கிட்ட இன்னொரு டம்ளரை நீட்டற மாதிரி. கீழ வந்து சேர்ந்த தண்ணியை ஒண்ணும் பண்ண முடியாது. கிளம்பற இடத்துலயே உட்கார வைக்கணும்." வரைபடத்தின் மேல்கோடியில், அடுக்ககத்து வாசலில் விரலை வைத்தார். "இங்க ஊத்திப் பார்த்தேன். மணிக்கு நாப்பத்தொண்ணு."

"அங்க ஏழு கார் நிக்குது மேடம். விடுவாங்களா? கல்லு வேற செதுக்கி வந்துடுச்சு."

"கல்லை மேல தூக்கிட்டுப் போயிடலாம் சார், அது லேசு. மண்ணைத்தான் தூக்க முடியாது."

பொறியாளர் நெற்றியைத் தேய்த்தார். "அது உங்க அக்கா வீடுதானே?"

"ஆமா சார்."

"அவங்களுக்கு நீங்கதான் சொல்லணும்."

அன்று சாயங்காலமே போய்ச் சொன்னார். அக்கா அடுப்படியில் நின்றபடி முழுவதையும் கேட்டார். பிறகு நிதானமாகப் பேசினார்.

"ஊர்ல இருக்கற எல்லார் வீட்டு வாசல்லயும் தோட்டம் போட்டுக் கொடுத்தே. என் வீட்டு வாசல்னு வரும்போது மட்டும் உன் மண்ணு ஒத்துக்க மாட்டேங்குதா?"

"அக்கா, மூணு வாட்டி ஊத்திட்டேன்."

"நாலாவது வாட்டி ஊத்து."

விடுமுறை நாளில் சொந்த வேலையாக வளையத்தைக் கொண்டுவந்தார். இந்தத் தடவை சுத்தியலால் அடித்தது தங்கை. தண்ணீர் ஊற்றியது அக்கா. முதல் தண்ணீர் ஊறியது. இரண்டாவதை ஊற்றியதும் தங்கை முக்காலியை அக்காவுக்குக் கொடுத்துவிட்டுத் தன் கைக்கடிகாரத்தையும் கழற்றிக் கொடுத்தார். அக்கா ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மணி முடிந்தபோது தண்ணீர் ஒரு நூல் அளவு இறங்கியிருந்தது. அக்கா குனிந்து அளவுகோலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கைக்கடிகாரத்தை முக்காலிமேல் வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தங்கை அறிக்கையில் எழுதினார்: நான்கு சோதனைகள், மணிக்கு மூன்று முதல் மூன்றரை மில்லிமீட்டர், இடம் ஏற்றதல்ல. எழுதும்போது கை நடுங்கியதா என்று கேட்டேன். "பென்சில்தானே, நடுங்கினா அழிச்சுட்டு எழுதலாம்" என்றார். அழித்து எழுதிய தடம் எதுவும் அந்தத் தாளில் இல்லை.

அதற்குப் பிறகு தொலைபேசியில் அழைத்தால் அக்காவின் கணவர்தான் எடுத்தார். "இருக்கா. ஆனா வேலையா இருக்கா" என்பார். எத்தனை மணிக்கு அழைத்தாலும் அக்கா வேலையாகவே இருந்தார்.

அடுக்ககத்தில் சங்கச் செயலாளர் ஓய்வு பெற்ற தபால் அதிகாரி. மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா. தோட்டத்தை மேட்டுக்கு மாற்றுவது பற்றிய கூட்டத்தில் எழுந்து நின்று பேசினார். "பள்ளத்துல வீடு கட்டினவங்களுக்குத் தண்ணி வருதுன்னா, மேட்டுல இருக்கற நாங்க ஏன் வாசல்ல குழி வெட்டிக்கணும்? எங்க வளாகத்துல ஒரு சொட்டு நிக்கறதில்லையே." முப்பது பேர் தலையாட்டினார்கள். கொசு வரும் என்றார் ஒருவர். குழந்தைகள் விழும் என்றார் இன்னொருவர். பொறியாளர் படம் போட்டுக் காட்டினார். படம் முடியும்போது ஒன்பது பேர் இருந்தார்கள்.

வளையம் மேடத்துக்கு மேடையில் பேச வராது. கூட்டம் கலைந்ததும் காவலாளியிடம் போய், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை எந்தத் தேதியில் கழுவுவார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அந்தத் தேதியில் காலை எட்டு மணிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு அடுக்ககத்து வாசலில் நின்றார். குழாய் திறந்து தொட்டித் தண்ணீர் முழுவதும் வெளியே கொட்டியது. நடைபயிற்சி முடித்து வந்த செயலாளரிடம், "சார், ஒரு பத்து நிமிஷம் இது கூட நடக்கறீங்களா?" என்று கேட்டார்.

"எது கூட?"

"இந்தத் தண்ணி கூட."

செயலாளர் மரியாதைக்காரர், மறுக்கத் தெரியாமல் நடந்தார். தண்ணீர் முன்னால் போனது, மூன்று பேரும் பின்னால் போனோம். தையற்கடையைத் தாண்டி, பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி, நிறுத்தியிருந்த வண்டிகளின் சக்கரங்களைச் சுற்றிக்கொண்டு போனது. வழியில் எங்கேயும் நிற்கவில்லை. நிற்க ஒரு சதுர அடி மண் இல்லை, முழுக்கக் கான்கிரீட். கடைசியில் அக்கா வீட்டுப் படிக்கு முன்னால் வந்து வட்டமாகத் தேங்கியது. அக்கா துடைப்பத்தோடு வெளியே வந்து அதை ஒதுக்கித் தள்ளத் தொடங்கினார். தங்கையைப் பார்த்தார், பார்க்காத மாதிரி தள்ளினார்.

செயலாளர் தயங்கிக் கேட்டார். "தினமும் இப்படியாங்க?"

அவர் யார் என்று அக்காவுக்குத் தெரியாது. "தினமும் இல்லைங்க. மேல எவனோ டேங்க் கழுவுறான். மாசம் ஒரு தடவை. அவன் நல்லா இருக்கட்டும்."

தபால் துறையில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர். அனுப்பியது எங்கே போய்ச் சேருகிறது என்பதை அன்றுதான் நேரில் பார்த்தார் போலிருக்கிறது. சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்தார், எழுத எதுவும் இல்லாமல் திருப்பி வைத்தார். திரும்பி மேட்டில் ஏறினோம். வாசலுக்கு வந்ததும், "எத்தனை கார் இடம் வேணும்?" என்றார்.

"அஞ்சு சார்."

"மூணு. அதுக்கே என்னை அடிக்க வருவாங்க."

"சரிங்க சார்."

மூன்று கிடைத்தது. செயலாளர் ஒப்புக்கொண்டார் என்று தெரிந்ததும் தையற்கடைக்காரரும் பள்ளிக்கூடமும் தங்கள் ஓரத்தில் ஆளுக்கொரு சின்னப் பாத்திக்கு இடம் விட்டார்கள். இயந்திரம் வந்து கான்கிரீட்டைப் பெயர்த்தபோது அடியில் இருந்த வெளுத்த மண் தெரிந்தது. வளையம் மேடம் இயந்திரத்தைப் பாத்தி ஓரத்துக்குக்கூட விடவில்லை. அது சாலையில் நின்றபடியே தன் இரும்புக் கையை நீட்டி வெட்டும்படி செய்தார். "என்னம்மா, உங்க வீட்டுச் சாமி அறையா?" என்று இயந்திர ஓட்டுநர் அலுத்துக்கொண்டார். வெயிலையும் தாங்கி, தண்ணீரிலும் நிற்கக்கூடிய புல்வகைகளை நட்டார்கள். சாலை விளிம்புக் கல்லில் தண்ணீர் நுழைய ஒரு முழ அகலத்துக்கு வாய் வெட்டினார்கள். திறப்புவிழாக் கல்லை மேலே கொண்டுவந்து நட்டதில் உறுப்பினருக்கும் வருத்தமில்லை. மேட்டில் இருப்பதால் பெயர் நன்றாகத் தெரிகிறதாம்.

மழை ஒரு வேலை நாளில் பத்து மணிக்கு ஆரம்பித்தது. நான் போய்ச் சேர்ந்தபோது வளையம் மேடம் அடுக்ககத்து வாசலில் நனைந்துகொண்டு நின்றார். தெருத்தண்ணீர் வெட்டிய வாய் வழியாக உள்ளே திரும்பிப் புல்லுக்குள் மறைந்துகொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் பாத்தி நிரம்பி, மிச்சம் கீழே வழிய ஆரம்பித்தது. அவர் நேரத்தைக் குறித்தார். "அஞ்சு கார் இடம் கொடுத்திருந்தா இன்னும் இருபது நிமிஷம் தாங்கியிருக்கும்" என்றார். வருத்தமாக அல்ல, தகவலாக. செயலாளர் தன் வீட்டு முகப்பில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாத்தியின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பை வந்து அடைத்தபோது, இவர் போவதற்குள் அவரே மடித்துக் கட்டிய வேட்டியோடு இறங்கி வந்து அதை எடுத்துப் போட்டார்.

கீழே போகலாமா என்று கேட்டேன். "மழை நிக்கட்டும்" என்றார். அவர் பயந்த முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

ஒரு மணிக்கு மழை விட்டது. சரிவில் இறங்கி நடந்தோம். அக்கா வீட்டு வாசலில் மூன்று படிகள். தண்ணீர் இரண்டாவது படி முழுகி மூன்றாவது படியின் பாதியில் நின்றிருந்தது. நிலைப்படியில் சுருட்டி வைத்த பழைய துணி விளிம்பில் மட்டும் ஈரம். தங்கை சுவரில் நீர்க்கறை எதுவரை ஏறியிருக்கிறது என்று அளந்து எழுதினார். இன்னொரு வரியும் சேர்த்தார். என்ன என்று கேட்டேன்.

"போன வருஷம் பெஞ்சதுல இது முக்கால் பங்குதான். அதையும் எழுதலைன்னா, எல்லாம் தோட்டத்தாலதான்னு ஆயிடும்."

கதவு திறந்தது. அக்கா இருவரையும் பார்த்தார். முதலில் தங்கையின் தலையைத்தான் பார்த்திருப்பார். உள்ளே போய் ஒரு துண்டைக் கொண்டுவந்து நீட்டினார்.

"துவட்டிட்டு உள்ள வா. காய்ச்சல் வரப்போகுது."

நான்கு மாதத்துக்குப் பிறகு பேசியது அவ்வளவுதான். தங்கை துவட்டிக்கொண்டு உள்ளே போனார். அக்காவின் கணவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டிலின் நான்கு கால்களும் மும்மூன்று செங்கல் அடுக்கின்மேல் நின்றன. மழைக்காலம் தொடங்கும் முன்பே அக்கா ஆள் வைத்து ஏற்றியதாம். "எறங்கணும்னா பஸ்ல இருந்து எறங்கற மாதிரி இருக்கு" என்றார் அவர் என்னிடம்.

அக்கா தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கட்டிலருகே நின்றார். தங்கையின் முகத்தைப் பார்க்காமல் செங்கல்லைப் பார்த்தபடி கேட்டார்.

"இனிமே இதை எடுத்துடலாம்தானே?"

அக்காவின் கணவர் ஒரு மாதிரி நம்பிக்கையோடு மச்சினியைப் பார்த்தார். தங்கை டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு முழங்காலிட்டுக் குனிந்தார். தலைமாட்டுப் பக்கத்துக் கால் ஒன்றின் கீழே மேல் செங்கல் அரை அங்குலம் நகர்ந்திருந்தது. உள்ளங்கையால் அதைத் தட்டித் தட்டி, மற்ற இரண்டுக்கும் நேராக வரும்வரை உள்ளே தள்ளினார்.